ஒப்புக்கொள்ளி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்கான தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் சுகிர்தா ஐந்து வருடம் பிரஸ் ஓட்டினாள். ஆறாவது வருடத்தில் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அவளுடைய வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்தப் பிரஸ் எடுத்துக்கொண்டது. கை உள்ளே போனால் மிஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கென்றே அதன் வாய்ப்பக்கம் ஒரு லைட் சென்சார் உண்டு. அன்றைக்கு மிஷின் நிற்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு புரொடக்‌ஷன் இன்சார்ஜ் அருண்பாண்டியன் வந்தார். பேசுவதற்கு முன்னால் வாயிலிருக்கும் கிராம்பை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றுவது அவர் பழக்கம். மாற்றிவிட்டு, "ஏம்மா, ஒண்ணும் பயப்படாத. கம்பெனி உன்னைக் கைவிடாது. இது சும்மா ஃபார்மாலிட்டி" என்று நீல ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஊசி மருந்தில் கண் சொருகிக் கிடந்த சுகிர்தா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். 'வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சென்சாரை நானே அணைத்துவிட்டேன், தவறு என்னுடையது' என்று அதில் எழுதியிருந்தது அவளுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. காண்ட்ராக்ட் முடிந்ததும் அவளைத் திரும்ப எடுக்காததற்கும் அந்தத் தாளைத்தான் காட்டினார்கள்.

"ஆண்டவர் பாத்துப்பாருடி" என்றாள் அம்மா சாராள்.

"அவரு பாக்கட்டும். நானும் பாக்கறேன்" என்றாள் சுகிர்தா.

வீட்டில் உட்கார்ந்திருந்த ஆறு மாதமும் அவள் அருண்பாண்டியனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பல் விளக்கும்போது, இடது கையால் சோறு அள்ளி வாயில் வைக்கும்போது, ஜாக்கெட் கொக்கி மாட்ட அம்மாவைக் கூப்பிடும்போது. அந்த நினைப்பு தேய்வதாக இல்லை.

அப்போதுதான் சித்தப்பா மகன் ஸ்டீவன் அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தான். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தான். அதற்கு முன் இரண்டு வருடம் பெங்களூரில் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட ஆட்டம் அது. நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் போய்ப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஸ்டீவன் கொண்டுவந்த இங்கிலீஷ் விதிப் புத்தகத்தில் கோட்டையும் குதிரையும் பனிமலையுமாக இருந்தன.

"நம்ம ஊர்ல ஏதுடா பனி" என்றாள் சுகிர்தா. "நானே ஒண்ணு எழுதறேன். பூதத்தப் பிடிச்சிப் பழக்கற ஆட்டம்."

சும்மா சொல்கிறாள் என்று அவன் நினைத்தான். அடுத்த வாரம் போனபோது நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தாள், முழுக்க இடது கை எழுத்தில். வள்ளூர் சாம்பல் குளத்தில் படுத்திருக்கும் சாம்பலாடி. பழவேற்காடு ஏரியின் உவர்த்தண்ணீரில் மேயும் இறாக்கண்ணி. மின்கோபுரத்தின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று கரண்டைக் குடிக்கும் கோபுரக்கொக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள்: பலம், பயம், பாசம். அடித்துப் பழக்கினால் பலம் ஏறும், கூடவே பயமும் ஏறும். பயம் ஆறைத் தாண்டிய பூதம் பழக்கியவன் மேலேயே பாயும். பாசத்தை ஏற்றப் பொறுமை வேண்டும், அதற்குள் வேறொருவன் வந்து பூதத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

கோயிலுக்குப் பின்னால் சண்டே ஸ்கூல் அறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிள்ளைகள் கிளம்பியதும் பாஸ்டர் சாவியைக் கொடுத்துவிடுவார். அங்கே விளையாட்டு தொடங்கியது. மூன்றாவது ஆளாக பூமிகா வந்தாள். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண், சுகிர்தாவுக்கு அடுத்த பிரஸ்ஸில் நின்றவள், இன்னும் அங்கேயே நிற்கிறவள். முதல் வாரமே அவள் விதிகளில் ஓட்டை கண்டுபிடித்தாள்.

"எம் இறாக்கண்ணிக்கு சோறு போட்டுக்கினே இருக்கறேன். பாசம் ஏறிக்கினே போவுது. எதுக்குடி சண்ட போடணும்?"

சுகிர்தா இரண்டு நாள் யோசித்தாள். ஒரே நாளில் மூன்று முறை தின்ற பூதம் தூங்கிவிடும், தூக்கத்தில் தொட்டால் பயம் இரண்டு ஏறும் என்று எழுதினாள். அடுத்த ஞாயிறு பூமிகாவின் இறாக்கண்ணி தூக்கத்தில் திமிறி அவளையே கடித்தது. பூமிகா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினாள். விரல் போன பிறகு சுகிர்தாவும் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

நாலாவது ஆளைச் சொன்னது சுகிர்தாதான். "ஹேமநாத் அண்ணாவக் கூப்புடுடி. பாவம், யாரோடயும் சேராத ஆளு."

பாவம் பார்த்து அவள் கூப்பிடவில்லை. பிரஸ்ஸின் சென்சார் தானாகச் செத்துவிடாது. யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து ஒயரை மாற்றிப் போட்டால்தான் அது கண்ணை மூடும். அந்த லைனில் எலக்ட்ரீஷியன்கள் மூன்று பேர். ஒருவன் ஒடிசாவுக்கே திரும்பிப் போய்விட்டான். இன்னொருவன் அருண்பாண்டியனுக்குச் சொந்தக்காரன். மிச்சம் ஹேமநாத். செய்தது யார் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. நேராகக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஹேமநாத் வந்தான். முப்பத்திரண்டு வயது, பொன்னேரியில் வீடு, அதிகம் பேசாதவன். விபத்து நடந்த மாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போனவர்களில் அவனும் ஒருவன். இரண்டாம் வாரம் பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பொருளை எடுத்து மேஜையில் வைத்தான். விரல் நீள நைலான் கம்பியில் பத்துப் பட்டை வெட்டி, ஒவ்வொரு பட்டையிலும் எண் பொறித்திருந்தான். பத்து முகப் பகடை வாங்க ஊரெல்லாம் அலைந்ததாக ஸ்டீவன் சொன்னதைக் கேட்டு டூல்ரூமில் செய்தது. எந்தப் பக்கமாவது அதிகமாக விழுகிறதா என்று சுகிர்தா இருநூறு தடவை உருட்டிக் குறித்துப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் விழுந்தது.

அவன் நல்ல ஆட்டக்காரன். தன் கோபுரக்கொக்கை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பயம் குறைகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். அப்படியும் ஒரு விதி இருக்கட்டுமே என்று அவன் கேட்க, சுகிர்தா எழுதிச் சேர்த்தாள். ஏழு வாரம் இப்படிப் போனது. அவன் வருவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் தான் எதற்காக அவனை அழைத்தோம் என்பதை அவள் மறக்கவில்லை.

எட்டாவது வாரம் ஒரு புதுப் பூதம் வந்தது.

"பேரு ஒப்புக்கொள்ளி" என்றாள் சுகிர்தா. "ஷெட்டுக்குள்ள திரியும். நீல ஃபைல் வெச்சிருக்கும். வாயில எப்பவும் ஒரு கிராம்பு."

பூமிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"பலம் எவ்ளோக்கா?" என்றான் ஸ்டீவன்.

"சைபர்."

"சைபரா? ஒரே அடி."

"அடிச்சிப் பாரு."

ஸ்டீவனின் சாம்பலாடி பாய்ந்து அடித்தது. அடி ஒப்புக்கொள்ளி மேல் படவில்லை, சாம்பலாடியின் மேலேயே விழுந்தது. பிறகு பூதம் ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டியது. பத்து முகப் பகடையில் எட்டுக்கு மேல் விழாவிட்டால், 'என் பூதத்தை நானே அடித்தேன், தவறு என்னுடையது' என்று ஆட்டக்காரன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவனுடைய பூதம் அவனை விட்டுப் போய்விடும். ஸ்டீவனுக்கு மூன்று விழுந்தது. அவன் ஐந்து வாரம் வளர்த்த சாம்பலாடி எழுந்து நடந்து போயிற்று.

மூன்று ஞாயிறு தொடர்ந்து தோற்றார்கள். சோறு போட்டுப் பார்த்தார்கள், வலை விரித்தார்கள், ஓடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தாள் வந்தது. அந்தச் சமயங்களில் சுகிர்தா ஹேமநாத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பகடையை உருட்டும் அவன் கை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தயங்கியது. கடைசியில் ஸ்டீவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"கெலிக்கவே வழியில்லன்னா அது ரூலே இல்லக்கா."

"வழி இருக்குது. யாரும் கேக்கல."

அவள் நோட்டைத் திருப்பி வாசித்தாள். ஒப்புக்கொள்ளி எதைச் செய்ததோ அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேஜையில் இருக்கிற அத்தனை பேரும் சொன்னால் அது அடங்கும். ஒருவர் பாக்கி இருந்தாலும் அடங்காது. பொய் சொன்னால் அதன் பலம் சைபரிலிருந்து பத்துக்கு ஏறும்.

"ஆட்டத்துல பாத்ததா, நெசத்துல பாத்ததா?" என்றான் ஸ்டீவன்.

"உங்க இஷ்டம்."

ஸ்டீவன் ஆட்டத்தில் பார்த்ததைச் சொன்னான். தன் சாம்பலாடியை அடித்தது யார், எழுத வைத்தது யார் என்று விளக்கமாகவே சொன்னான். சுகிர்தா ஏற்றுக்கொண்டாள். அடுத்து பூமிகா. அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"ஒரு பொண்ணு ஆஸ்பத்திரில மயக்கமா படுத்துனு இருக்கசொல்ல அது பேப்பரோட வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு இன்னா எழுதிருக்குதுன்னு படிச்சிக் காட்டல. நான் வாசப்படில நின்னுகினு இருந்தேன். பாத்தும் பேசாம இருந்துட்டேன்."

"சரி" என்றாள் சுகிர்தா. "அண்ணா, நீங்க."

ஹேமநாத் பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். "நான் பாஸ்மா."

"பாஸ் கெடையாதுணா."

அவன் எழுந்து போய்விடுவான் என்று பூமிகா நினைத்தாள். அவன் எழவில்லை.

"ஆட்டத்துல என் ஆளு ஒயர் போட்டான்" என்றான்.

"எந்த ஒயரு?" என்று ஸ்டீவன் கேட்டான், அவன் இன்னும் ஆட்டத்திலேயே இருந்தான்.

"சென்சார் ஒயரு. அடிக்கடி டிரிப் ஆயி மிஷின் நிக்குது, பீஸ் நம்பர் குறையுதுன்னு அருண்பாண்டியன் சார் வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாரு. ஜம்பர் போட்டு ஓட்டுன்னாரு. ரெண்டு டெர்மினலயும் சேத்து முறுக்குனேன், அதோட சென்சாரு வேல செய்யாது. செவ்வாக்கெழம சாயங்காலம். ரெண்டே நாளு, புதுசு வந்துரும்னு சொன்னாரு." அவன் சுகிர்தாவின் கையைப் பார்த்தான். "மறுநாளே நீ."

அவள் தேடியது ஒரு பெயரை. அந்தப் பெயருக்குரியவன் ஒடிசாவில் இருப்பான், அல்லது அருண்பாண்டியனின் சொந்தக்காரனாக இருப்பான் என்று நம்பியிருந்தாள். பத்து வாரமாகத் தன் எதிரே உட்கார்ந்து, அடிக்க மாட்டேன், பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவனே அவன் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. இல்லாத இரண்டு விரல்களின் நுனியில் வலித்தது.

"அந்த வாய்ஸ் இருக்குதா?"

"இருக்குது. பழைய போன்ல. நாளைக்கு எம் மேல வந்துச்சின்னா காட்டலாமேன்னு வெச்சிருந்தேன்."

"உன் மேல வந்துச்சின்னா" என்றாள். அண்ணா என்பது போய்விட்டதை எல்லோரும் கவனித்தார்கள். அவள் நோட்டில் ஒரு வெற்றுத்தாளைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள். "எழுது. யாரு சொன்னது, எந்தத் தேதி, இன்னா செஞ்ச. எல்லாம்."

"எழுதறேன் சுகி. மாட்டேன்னு சொல்லல. எங்க ஊட்ல இது மூணாவது மாசம். கொழந்த பொறக்கற வரைக்கும் டைம் குடு. வேலை பூடும், கேசு வரும். அதுக்கப்பறம் நானே வந்து..."

"எனுக்கு டைம் குடுத்தானா அவன்? ரத்தம் காயறதுக்குள்ள வந்தான்."

அவன் பேனாவை எடுத்தான்.

"எடது கையால எழுது" என்றாள்.

பூமிகா அவள் தோளைத் தொட்டாள். "வேணாம்டி. அவருதான் சொல்லிட்டாரே."

"எடது கையால."

ஹேமநாத் பேனாவை இடது கைக்கு மாற்றினான். முதல் வரிக்கே கால் மணி நேரம் ஆனது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, தாள் நகர்ந்தது, நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி மை கலைந்தது. சுகிர்தா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் அதை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"இப்ப வலது கையால எழுது. இது ஆபீசுல படிக்க முடியணும்."

அவன் எழுதினான். தேதி, மிஷின் எண், டெர்மினல் எண் எல்லாவற்றோடும். ஸ்டீவனும் பூமிகாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை வாய்ஸ் மெசேஜ் அவள் போனுக்கு வந்தது. அதே குரல், கிராம்பை மாற்றும் சின்ன இடைவெளியோடு. 'சென்சார் ஒரே தலைவலியா இருக்கு ஹேமநாத், ஜம்பர் போட்டு ஓட்டு, நான் பாத்துக்கறேன்.' அவள் அதை அன்றைக்கு எத்தனை முறை கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வாரம் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள் வேறொன்று நடந்தது. பூமிகா கேன்டீனில் அந்தப் பூதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். நாலே நாளில் ஷெட் முழுக்கப் பரவிற்று. அருண்பாண்டியன் லைனில் நடந்து வந்தால், "ஒப்புக்கொள்ளி வருதுடி, பேனாவ ஒளிச்சி வெச்சிக்கோ" என்று பெண்கள் பிரஸ் சத்தத்துக்குள் சொல்லிச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. யாரோ டைம் கார்டு பலகையில் சாக்பீஸால் படம் வரைந்து பெயரும் எழுதி வைத்தபோது புரிந்துவிட்டது. பூமிகா அதைச் சொல்லச் சொல்ல சுகிர்தா திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "மூஞ்சி எப்படி இருந்துச்சி? சரியா சொல்லு."

விசாரணை திருவள்ளூரில். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது தாழ்வாரத்து பெஞ்சில் அருண்பாண்டியன் நீல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஏம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு முதல்ல ஓடி வந்தது நான்தானே?"

"ஆமா சார். பேப்பரோட வந்தீங்க."

"நடந்தது நடந்துபோச்சு. பேசித் தீத்துக்கலாம். ஒரு வார்த்தை சொல்லு, பேக்கிங் செக்‌ஷன்ல நாளைக்கே வேலை."

"சரி சார். தப்பு என்னுதுன்னு நீங்க எழுதிக் குடுங்க. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

அவர் கிராம்பைத் துப்பினார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே அதிகாரி வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை ஓடவிட்டார். அது தன் குரல் இல்லை என்று முதலில் சொன்ன அருண்பாண்டியன், எண் யாருடையது என்று கேட்டதும் ஞாபகம் இல்லை என்றார். ஹேமநாத்தைக் கூப்பிட்டார்கள். அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான், தன் பங்கை ஒரு சொல்கூடக் குறைக்காமல். வெளியே வந்து சுகிர்தாவைக் கடந்து போகும்போது தலையை நிமிர்த்தவில்லை.

நாலு மாதத்தில் முடிவு வந்தது. அவள் கையெழுத்துப் போட்ட தாள் செல்லாது என்றார்கள். கம்பெனி மேலும் அருண்பாண்டியன் மேலும் கோர்ட்டில் வழக்கு. கம்பெனி அவரை வெளியேற்றிவிட்டது. எல்லாப் பிரஸ்ஸிலும் சென்சாரைச் சரிபார்த்துச் சீல் வைத்தார்கள். சுகிர்தாவைத் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்கிற வேலை.

அருண்பாண்டியன் கணக்கு முடித்துக் கிளம்பும் நாளைப் பூமிகா சொல்லியிருந்தாள். சுகிர்தா காலை ஒன்பது மணிக்கே கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றாள். அவர் வெளியே வர மதியம் ஆனது. கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதன் மேல் ஹெல்மெட். அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்து, வலது கையை உயர்த்திக் காட்டினாள். அவர் பார்த்தார், அவள் பார்த்ததையும் பார்த்தார். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். சுகிர்தா வீட்டுக்குப் போகும் வழியில் மட்டன் பிரியாணி வாங்கினாள். சாராள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மனசு ஆறுச்சாடி?" என்றாள்.

"நல்லாருக்குதும்மா. ரொம்ப நல்லாருக்குது" என்றாள். அது உண்மைதான்.

ஹேமநாத்துக்கும் வேலை போனது. அவன் எழுதிக் கொடுத்ததை வைத்தே அவன் மேலும் நடவடிக்கை எடுத்தார்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தடாவில் ஒரு சின்னக் கம்பெனியில் தினக்கூலிக்கு ஒயரிங் வேலை பார்ப்பதாக ஸ்டீவன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நாற்காலி காலியாக இருந்தது. பிறகு ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்த வினோதா வந்து அதில் உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவில் சுகிர்தாவின் போன் அடித்தது. ஹேமநாத். அவள் அறைக்கு வெளியே போய் எடுத்தாள்.

"சுகி, பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

"ம்."

"சொல்லணும்னு தோணுச்சி." அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இரைச்சல். அவன் போனை வைக்கவில்லை. எதையோ எதிர்பார்த்து நின்றான். மன்னித்துவிட்டேன் என்ற சொல்லைத்தான் என்று அவளுக்கும் தெரியும். உண்மையைச் சொல்ல அவனைப் போல வேறு யாரும் வரவில்லை. அவன் இல்லாவிட்டால் அருண்பாண்டியன் இன்றைக்கும் லைனில் நடந்துகொண்டிருப்பார். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. வரவைக்க அவள் முயலவும் இல்லை.

"கொழந்தைய நல்லா பாத்துக்கோங்க" என்றாள்.

"சரிம்மா" என்று அவன் வைத்தான்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். யார் என்று பூமிகா கேட்டதற்கு, "ஹேமநாத். பொண்ணு பொறந்திருக்குதாம்" என்றாள். பூமிகா, சாயந்திரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றாள்.

"நீ போய்ட்டு வா. நான் வரல."

வினோதா தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புதுப் பூதத்துக்குப் பயம் ஐந்தில் இருந்தது, இன்னும் இரண்டு ஏறினால் பாய்ந்துவிடும். என்ன செய்யப் போகிறாய், அடிக்கவா, பக்கத்தில் உட்காரவா என்று சுகிர்தா கேட்டாள்.